தூக்கம் வரவில்லையென்றால் ஒன்றை அழுத்தவும்

மதிப்புக்குரிய அக்கா அவர்களின் பார்வைக்கு,

மெத்தைக் கடையிலிருந்து தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும், என் மனைவியும், மகனும், இடது முழங்கால் நீங்கலாக என் மற்ற உறுப்புகளும் நலம். தாங்கள் நலமா என்று தங்களிடமே கேட்டிருப்பேன். நாற்பது நாளாகத் தாங்கள் என் போனை எடுக்காததால் தங்கள் மகளிடம் கேட்டேன். "மாமா, உங்க பேரைச் சொன்னாலே அம்மா டிவி சத்தத்தைக் கூட்டுறாங்க. நீங்க அனுப்பின பதிலையெல்லாம் நீங்களே ஒரு தடவை படிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவளும் வைத்துவிட்டாள். படித்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் எதை அனுப்பினாலும் இனி நம்பமாட்டீர்கள் என்பதால் பல வருடம் கழித்துப் பேனா பிடித்திருக்கிறேன். "தாங்கள்" இதோடு போதும், கை வலிக்கிறது. இனி நீ.

அக்கா, அந்தப் பதில்களை எழுதியது நான் இல்லை.

நடந்தது இதுதான். வியாபாரம் படித்துவிட்டு வந்த என் மகன், "அப்பா, இந்தக் காலத்துல போனை எடுத்து அலோன்னு கத்துறதெல்லாம் வியாபாரமே இல்ல" என்று சொல்லி, கடை நம்பருக்கு வரும் செய்திகளுக்குத் தானாகவே பதில் சொல்லும் ஒரு மிஷினை ஏற்பாடு செய்தான். அதற்கு ஒரு முகம் வேண்டுமாம். என் கழுத்தில் டையை மாட்டி, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்து ஒட்டினான். ஒவ்வொரு பதிலுக்கும் கீழே "அன்புடன், உரிமையாளர்" என்று வரும்படியும் செய்தான். பொய் சொல்வானேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. யாராவது "ஆறுக்கு நாலு மெத்தை இருக்கா?" என்று கேட்டால் நான் மூக்குக் கண்ணாடியைத் தேடுவதற்குள் பதில் போய்விடும். நான் கல்லாவில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். உனக்கு மனப்பாடமான ஒரே நம்பர் கடை நம்பர்தான், நீ அதில்தான் எழுதுவாய் என்பது அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"அத்தான் போனதிலேருந்து தூக்கமே வரலடா தம்பி" என்று நீ எழுதியிருக்கிறாய். அதற்கு என் முகம், டையோடு சிரித்துக்கொண்டு, "தூக்கம் வரவில்லையென்றால் ஒன்றை அழுத்தவும். எங்களிடம் மூன்று தரங்களில் மெத்தைகள் உள்ளன" என்று சொல்லியிருக்கிறது. "என்னடா, விளையாடுறியா?" என்று கேட்டிருக்கிறாய். "குழந்தைகள் ஏறி விளையாடினாலும் கிழியாத உறை எங்கள் சிறப்பு" என்றிருக்கிறது. இரண்டு நாள் பொறுத்து, "எனக்கும் வயசாயிடுச்சு, இன்னும் எத்தனை நாளோ, ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போடா" என்று எழுதினாயே, அதற்கு அந்தப் பாவி என்ன சொன்னான்? "பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதைப் பெற்றுச் செல்லுங்கள். இச்சலுகை மாதக் கடைசி வரை மட்டுமே. அன்புடன், உரிமையாளர்."

அதோடு நீ நிறுத்திவிட்டாய்.

மகனைக் கூப்பிட்டுக் கத்தினேன். "டேய், சொந்த அத்தையையே எடைக்குப் போடச் சொல்லியிருக்குடா உன் மிஷினு!" அவன் வாங்கிப் படித்தான். முதலில் சிரித்தான். கடைசி வரிக்கு வந்ததும் முகம் சுருங்கிவிட்டது. "தப்புதான்பா. ஆனா மிஷினுக்கு அத்தையைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல? அத்தை என்ன எழுதுறாங்கன்னு ஒரு நாளாவது திறந்து பார்த்தீங்களா?" என்றான். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே கூட்டிய வாசலை இன்னொரு தடவை கூட்டப் போய்விட்டேன்.

அன்று மத்தியானம் கடையில் நான் மட்டும்தான். சின்ன வயசில், கடையை நம்மிடம் விட்டுவிட்டு அப்பா சாப்பிடப் போகும் அந்த ஒரு மணி நேரம் நினைவுக்கு வந்தது. ஏழு மெத்தை அடுக்கினால் கப்பல். தரையெல்லாம் கடல். நீதான் கேப்டன், ஒட்டடைக் குச்சிதான் துடுப்பு. "காலைக் கீழ வைக்காதடா, முதலை!" என்று நீ கத்திய கத்தில் பயந்து நான் நிஜமாகவே விழுந்து பல்லை உடைத்துக்கொண்டேன். "நான்தான் தள்ளிவிட்டேன்" என்று சொல்லி எனக்கு விழவேண்டிய அடியை நீ வாங்கினாய். யாரும் இல்லையே என்று, இந்த வயதில், நான் மெல்ல அடுக்கின் மேல் ஏறினேன். ஏறிவிட்டேன் அக்கா, இறங்கத்தான் முடியவில்லை. முழங்கால் பூட்டிக்கொண்டது. பிளாஸ்டிக் உறையில் முகத்தைப் புதைத்துக் கிடந்தபோது புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி உள்ளே வந்தது. அந்தப் பெண் என்னைக் காட்டி, "ஏங்க, பட்டப்பகல்ல இவரு எப்படித் தூங்குறாரு பாருங்க! இந்த மெத்தையே எடுத்துடலாம்" என்றாள். நான் தூங்கவில்லை. அழுதுகொண்டிருந்தேன். அவர்கள் கைகொடுத்து இறக்கிவிட்டு, அதையே வாங்கிக்கொண்டு போனார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அத்தான் போன அன்று, கடையில் சரக்கு இறங்குகிறது என்று சொல்லிச் சாயங்காலமே கிளம்பினேனே, சரக்கு எதுவும் இறங்கவில்லை. அடி வாங்கியபோதுகூட அழாதவள் நீ. நீ அழுவதைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை, அவ்வளவுதான். அங்கே இருந்திருக்க வேண்டும். இல்லாமல் போனேன்.

மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டேன். நேரில் வரத்தான் ஆசை, ஆனால் கடையை விட்டு நகர முடியாது. மகனுக்குச் சரக்கு தெரியாது, முழங்காலுக்கு பஸ் படி ஆகாது. நீ மூத்தவள், மனமிரங்கி ஒரு வரி எழுது. வீட்டிலுள்ள சிறியவர்கள் எல்லோருக்கும் என் ஆசி. உனக்கு என் வணக்கமும், என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ள முழுச் சம்மதமும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மகன் போனோடு ஓடி வந்தான். மிஷினை அவன் இன்னும் நிறுத்தவே இல்லையாம். இன்று காலை நீ மூன்றை அழுத்தியிருக்கிறாய். மூன்று என்றால், வீட்டுக்கே ஆள் வந்து அளவெடுப்பது. குறிப்பு எழுதும் இடத்தில், "முதலாளியே நேர்ல வரணும். வேற ஆளை அனுப்பினா கதவைத் திறக்க மாட்டேன். அளவெடுக்க நாலு நாளாவது ஆகும்" என்று எழுதியிருக்கிறாய். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மிஷினும், "சனிக்கிழமை பதினொரு மணிக்கு வருகிறார்" என்று வாக்குக் கொடுத்துவிட்டது. நாளைக்குச் சனிக்கிழமை. மேலே முழங்கால், மகன், சரக்கு என்று எழுதியதையெல்லாம் அடித்துவிடு. டிக்கெட் எடுத்தாயிற்று. கடிதம் எனக்குப் பின்னால்தான் வந்து சேரும். ஆனாலும் தபாலில் போட்டுவிட்டே பஸ் ஏறுகிறேன், இதில் இருப்பதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது. நான் குளிக்கப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் படி.