கிழக்குச் சுவரில் மாலை வெயில்

“குடையை ஆட்டாதேன்னு சொன்னேன்ல!”

ஓவியர் போட்ட கத்தலில் பூங்காப் புறாக்கள் பறந்தன. முதுகுக்குப் பின்னால், மாடித் தையற்கடையில் மிஷின் சத்தம்கூட ஒரு நிமிடம் நின்றது. குடை பிடித்திருந்த மனைவி முறைத்தாள்.

ஐந்து மணிக்குள் படத்தை முடித்தாக வேண்டும். நேரில் பார்த்து வரையும் போட்டி. இரண்டு வருடமாக ‘வெளிச்சத்தில் உயிரில்லை’ என்று நடுவர் எழுதித் திருப்பிவிட்டார். இந்த வருடம் விடுவதாயில்லை. நிழலில் கிடந்த பழைய மதிலில், கதவுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பொன்பட்டையாக வெயில். அதைத்தான் தீட்டிக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்தால், வெயில் ஒரு முழம் தள்ளி நின்றது.

“பாத்தியா? உன்னாலதான் போச்சு!”

“ஆமா, சூரியனை நான்தான் கயிறு கட்டி இழுக்கிறேன்.”

மஞ்சளைச் சுரண்டிவிட்டு மறுபடி தீட்டினார். குறுக்கே ஒரு சைக்கிள் வந்து நின்றது.

“யோவ், மறைக்காதய்யா!”

மாடியில் மிஷின் நின்றது. சைக்கிள் நகர்ந்தது. வெயில் மதிலோரக் குழாய்ப்பக்கம் தாவியிருந்தது.

“அநியாயம்! சூரியன்னா ஒரு ஒழுங்கு வேண்டாம்? நான் வரைய வரைய வேணும்னே ஓடுது!”

அதற்குள் அது மதிலின் மூலைக்கே போய்விட்டது.

“கொஞ்சம் வாயை மூடிக்கிட்டுதான் வரைங்களேன்.”

ரோஷத்தில் வாயை மூடினார். இருபது நிமிடம் பேச்சே இல்லை. வெயிலும் வைத்த இடத்தில் நின்றது. செங்கல், கொடி, மூலையில் பொன்பட்டை. மனைவியே எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள்.

“பிடிச்சுட்டேன்டி!” என்று துள்ளினார்.

வெயில் ஒரு தாவு தாவியது. சற்று நேரத்தில் அடியோடு காணாமல் போனது. மதில் முழுக்க நிழல். சரியாக அந்த நேரம் பார்த்து நடுவர் வந்து நின்றார். படத்தைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார்.

“இது கிழக்கே பார்த்த சுவர். சாயங்காலம் இங்க ஏதுய்யா வெயில்? கண்ணால பாக்காம கற்பனையிலயா வரைஞ்சே?”

“சத்தியமா இருந்துச்சுங்க! இவளையே கேளுங்க!”

நடுவர் குறிப்பேட்டில் பேனாவை வைத்தபோது, கழுத்தில் அளவு நாடாவோடு தையற்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“இவரை ஒண்ணும் சொல்லாதீங்க சார், இவர் கத்துறப்பல்லாம் அடிதடியோன்னு என் கண்ணாடி ஜன்னலைத் தள்ளித் தள்ளிப் பாத்தேன், அதுல பட்ட வெயில்தான் அங்க அடிச்சுது, கடைசியா போட்ட கூச்சலுக்குத்தான் ஜன்னலைச் சாத்திட்டு, கொலையே விழுந்துடுச்சுன்னு இறங்கி ஓடி வர்றேன்!”