கேமரா இல்லாமல் வந்தவர்கள்

இப்போதெல்லாம் எவரும் வந்த வேலையை நேராகச் சொல்வதில்லை. தோளில் ஒரு பை, வாயில் ஒரு சிரிப்பு. கேட்டால் "ஒரு சின்ன விஷயம்யா" என்பார்கள். சின்ன விஷயத்துக்கு எதற்கு அவ்வளவு பெரிய பை?

நேமத்தான்பட்டிப் பெரிய வீட்டின் காவல்காரர் பெரியகருப்பன் அப்படி ஒரு பையைத்தான் காலையிலிருந்து முறைத்துக்கொண்டிருந்தார்.

"கேமரா எங்க?" என்றார்.

"கேமரா கிடையாதுய்யா. இது காதால கேக்குற கதை. விண்வெளியில நடக்குது," என்றாள் பூஜா. கதை அவளுடையதாம். "இந்தத் தூணு நிக்கிற வளவுல பேசினா நல்லா எதிரொலிக்குதுல்ல? அதான் எங்களுக்கு விண்கலம்."

"நடிக்கிறவுக?"

"இவரு விஷ்வா. வில்லன்."

ஒட்டடைக் கம்பு மாதிரி ஒரு ஆள் கும்பிட்டான். குரல் மட்டும் லாரி ஏற்றத்தில் முக்குகிற மாதிரி இருந்தது.

"கதாநாயகி?"

"மெட்ராஸ்ல இருந்து போன்ல பேசுவாங்க. அதை ஸ்பீக்கர்ல விட்டு இங்க பதிவு பண்ணுவோம்."

கேமரா இல்லாத படம். கதாநாயகி இல்லாத கதை. ஆகமொத்தம் வந்து சேர்ந்திருப்பது வில்லன் மட்டும்.

அந்த வீடு நாலு பங்காளிகளுக்குப் பொது. தூண்கள் நிற்கிற நடுவளவும் பொது. அதில் ஒரு சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதென்றாலும் நாலு பேரும் சரி என்று சொல்ல வேண்டும். மூன்று பேர் முந்தாநாளே போனில் சொல்லிவிட்டார்கள். பாக்கி, மெட்ராஸில் இருக்கும் சீதை ஆச்சி.

"ஆச்சிக்கும் சம்மதம்தான்யா," என்றாள் பூஜா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"அதை அவுக வாயால சொல்லணும் தாயி."

எப்படியும் பத்து நிமிஷத்தில் கேட்டுவிடலாம் என்று நம்பி வளவைத் திறந்துவிட்டார். புத்தி கெட்ட வேலை. போன வருஷம் அடுத்த தெருவுக்குப் போட்டோ எடுக்க வந்தவர்கள் எடுத்துக்கொண்டு போனது இரண்டு பர்மாத் தேக்குத் தூண். போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்தது அந்த வீட்டுக் காவல்காரன் சோமு. இருபத்தைந்து வருஷக் காவல் போய், பின்கட்டில் இருந்த அறையும் போய், இன்றைக்குப் புதுவயல் மில்லில் மூட்டை தைக்கிறான். பெரியகருப்பனுக்கும் பின்கட்டு அறை ஒன்றுதான் வீடு.

ஆச்சிக்குப் போன் போட்டார். "நீங்கள் அழைப்பவர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்" என்றது.

"யாரோட?" என்று கேட்டார். அது அதையே இங்கிலீஷில் சொன்னது.

"அடடா, லைன் விட்டுப்போச்சு!" என்று உள்ளே பூஜா கத்தினாள்.

ஆச்சி பேசி முடிக்கிறவரை கண்ணாலாவது காவல் காப்போம் என்று உள்ளே போய்த் தூணோரம் உட்கார்ந்தார். ஸ்பீக்கரில் ஒரு இளம்பெண் குரல் கணீரென்று வந்தது.

"உன்னை நான் நம்பலை. ஆனா இந்தக் கலத்துல மிச்சமிருக்கற மூச்சுக்காத்து ஒருத்தருக்குத்தான் வரும். பங்கு போட்டா ரெண்டு பேரும் பாதி தூரம் போகலாம்!"

"ஹா ஹா! வில்லனோட கூட்டா?" என்றான் விஷ்வா.

"நல்ல குடும்பத்துப் பொண்ணு செய்யிற வேலையா இது?" என்றார் பெரியகருப்பன்.

எதிரொலி நல்ல எதிரொலிதான். "வேலையா இது" மூன்று தடவை கேட்டது.

"ஐயா! பதிவாயிருச்சுய்யா!"

"வாயைப் பொத்திக்கிறேன், நடத்துங்க."

வாயைப் பொத்தினார். மூக்குப்பொடி போட்ட மூக்கைப் பொத்தவில்லை. அந்தத் தும்மலுக்கு உத்தரத்துப் புறாக்கள் எல்லாம் கிளம்பிவிட்டன. விண்கலத்தில் புறா பறந்தது. அது அடங்க அரைமணி நேரம்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் வெளிய இருங்களேன்," என்று பூஜா கையெடுத்துக் கும்பிட்டாள்.

என் காவலில் என்னையே வெளியே போகச் சொல்கிறாளா? வெளிமுற்றத்தில் நின்று மறுபடி போன் போட்டார். ஆச்சி பேசிக்கொண்டுதான் இருந்தார். சிக்னல் குறைச்சல் போல என்று மாடிக்கு ஏறிப் போட்டார். மொட்டைமாடிக்குப் போய்ப் போட்டார். ஒவ்வொரு தடவையும் கீழே ஒரு அலறல்.

"திரும்ப விட்டுப்போச்சு! எவன்யா அவன்!"

மூச்சு வாங்க இறங்கி வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். விஷ்வா விரலை மடக்கித் தூணைத் தட்டிக்கொண்டிருந்தான். டொக், டொக்.

"இது பொக்கா கேக்குது. அடுத்ததைத் தட்டுங்க," என்றாள் பூஜா.

டங், டங்.

"இதுதான் கெட்டி! விண்கலத்துக் கதவு மாதிரியே இருக்கு."

பெரியகருப்பன் ஆசாரி வீட்டுப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். மரத்தைத் தட்டிப் பார்க்கிறவன் அதைக் கொண்டுபோக வந்தவன். விண்கலக் கதவாவது, வெங்காயமாவது.

ஓடிப்போய் வளவின் நிலைக்கதவைச் சாத்தி, ஒரு முழச் சாவியால் பூட்டினார்.

"ஐயா! என்னய்யா பண்றீங்க?"

"ஆச்சி சொன்னாத்தான் திறப்பேன்."

"அவங்க சரின்னுதான்யா சொன்னாங்க! வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க!"

"வெளிய சொல்லாத சம்மதம் எந்த ஊர்ச் சம்மதம்? திருட்டுப் பயலுக பேச்சு!"

பத்துத் தடவை போட்டார். பத்துத் தடவையும் அதே பதில். உள்ளே வில்லன் நிஜமாகவே கர்ஜிக்க ஆரம்பித்தான்.

வேறு வழியில்லாமல் ஆச்சியின் மருமகள் ஹேமாவதிக்குப் போட்டார். மாமியாரிடம் கேட்க வேண்டியதை மருமகளிடம் கேட்டால் அந்த வீட்டில் ஆகாது. ஆனாலும் கழுத்துக்கு வந்த பிறகு என்ன செய்ய?

"சின்ன ஆச்சி, நேமத்தான்பட்டி பெரியகருப்பன் பேசுறேன். இங்குட்டு ரெண்டு பேரு தூணைத் தட்டுறாக. பெரிய ஆச்சி போனை எடுக்க மாட்டேங்குறாக. கொஞ்சம் குடுங்களேன்."

அந்தப் பக்கம் ஹேமாவதி பல்லைக் கடிப்பது கேட்டது.

"நீங்கதானா அது? எழுபத்திரெண்டு வயசுல அத்தை காலையிலேருந்து ரூமைப் பூட்டிக்கிட்டு, சின்னப் பொண்ணு மாதிரி குரலை வச்சுக்கிட்டு, எவனோ ஒரு வில்லனோட விண்கலத்துல போறாங்க. உங்க போன் வந்து வந்து லைன் கட்டாகுதுன்னு இங்க எங்களைப் போட்டு வறுத்து எடுக்குறாங்க!"

பெரியகருப்பன் போனை இறக்கினார். பூட்டைப் பார்த்தார்.

"ஆச்சி பேசுறாகன்னுதான சொல்லுது மருமக? சம்மதம்னு யாரு சொன்னா?"

சாவியை மடியில் செருகி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நேரில் கேட்டே தீருவதென்று, மெட்ராஸ் பஸ் எத்தனை மணிக்கு என விசாரிக்கக் காரைக்குடி ரோட்டைப் பார்த்து நடந்தார்.