பார்த்தாச்சு

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அக்கா மிகவும் நலம். நானும் அவர் அனுமதிக்கும் அளவுக்கு நலம். அங்கே நீங்களும் உங்கள் துணைவியாரும் டயர் கடையும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் தபாலில் கடிதமா என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கினீர்கள், சரி. அதோடு விடாமல் உங்கள் எண்ணிலும் என்னை பிளாக் செய்துவிட்டீர்கள். தபால்காரரை பிளாக் செய்ய உங்களால் முடியாது. அதனால்தான் இந்த வழி.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியாதது அல்ல. பத்திரிகை ஆபீசில் பிழை திருத்தியே தலை நரைத்தவன். பக்கத்தின் மூலையில் நான் சிவப்பு மையில் ‘பார்த்தாச்சு’ என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் ஒரு வரிகூட மிஷினுக்குப் போனதில்லை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மகளின் லீவு லெட்டரும், உங்கள் அக்கா மின்சார ஆபீசுக்கு எழுதிய புகாரும் என் மேஜைக்கு வந்து ‘பார்த்தாச்சு’ வாங்கிக்கொண்டுதான் வாசற்படி தாண்டின. எல்லாம் ஒழுங்காக இருந்தது. பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது.

இப்போது உங்களையே எடுத்துக்கொள்வோம். கடையில் ஒரு பக்கம் காற்றடிக்கிற சத்தம், ஒரு பக்கம் சக்கரம் கழற்றுகிற சத்தம். நடுவில் நின்று போனைப் பார்த்துப் பேசுகிறீர்கள். அது காதில் விழுந்ததை எல்லாம் எழுதுகிறது. நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் அனுப்பிவிடுகிறீர்கள். அதில் ‘மாமா’ என்ற ஒரு சொல்தான் பிடிபடும். அந்த மாமா சாப்பிட வருகிறாரா, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று இங்கே நாங்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஆராய்ச்சி செய்கிறோம். ஒரு முற்றுப்புள்ளி வைக்க என்ன பாடு? எழுதுகிறவர் மிச்சம் பிடிக்கிற அரை நிமிஷம் படிக்கிற இருபது பேர் தலையில் விடிகிறது. இதைச் சொன்னால் நான் பொல்லாதவன்.

ஆங்கிலத்தில் எழுதினால் முதலிலிருந்து கடைசி வரை பெரிய எழுத்து. டயர் கம்பெனி மானேஜர் நீங்கள் தொண்டை கிழியக் கத்துகிறீர்கள் என்று நினைத்துப் பயந்து, அன்று மாலையே சரக்கை ஏற்றி அனுப்பிவிட்டார். அதிலிருந்து உங்களுக்கு ருசி கண்டுவிட்டது. பல் டாக்டருக்கும் அதே பாணி. உங்களை முதல் ஆளாக உள்ளே விட்டார்களாம், அதை வெற்றிக் கதையாக ஊரெல்லாம் சொல்கிறீர்கள். அங்கே சீட்டு எழுதுகிற பெண் இன்றைக்கும் உங்களைக் கண்டால் எழுந்து நின்றுவிடுகிறாராம். பாவம், அதுவும் யாரோ பெற்ற பிள்ளை.

என்னிடமும் சறுக்கல் இல்லாமல் இல்லை. குளியலறைக் குழாய் விஷயம் உங்கள் காதுக்கு எப்படியும் வந்திருக்கும், வந்த கதையில் பாதி உங்கள் அக்காவின் சொந்தச் சரக்கு. நடந்தது இதுதான். குழாய் அவர் கையோடு வந்துவிட்டது. ஒரு கையால் ஓட்டையை அடைத்துக்கொண்டு மறு கையால், “கொழாய் கலண்டுடுச்சு சீக்கரம் வாங்க” என்று எனக்கு அனுப்பினார். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றிய பிறகுதான் அனுப்பினேன் என்கிறார். நான் முன்னறையில் உட்கார்ந்து, சொல்லுக்குச் சொல் திருத்தி, கடைசியில் புள்ளியும் வைத்துத் திருப்பி அனுப்பினேன். பதில் இல்லை. ஒப்புக்கொண்டுவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். கொஞ்ச நேரத்தில் என் செருப்பு மிதந்து என்னைத் தேடிக்கொண்டு வந்தது.

சரி, உங்கள் கோபத்துக்கு வருகிறேன். உங்கள் துணைவியாரின் பிறந்த நாளுக்கு ஒரு பாராட்டுரையை நீங்கள் குழுவில் போட்டீர்கள். மூச்சு விட இடமில்லாமல் ஒரே வாக்கியம். யார் யாரைப் பாராட்டுகிறார்கள் என்றே பிடிபடவில்லை. நான் நல்ல எண்ணத்தில் அதை அச்செடுத்து, சிவப்பு மையில் திருத்தி, படம் பிடித்து அதே குழுவில் போட்டேன். தப்பா? உங்கள் துணைவியார் என்ன சொன்னார் என்பதை நீங்கள் மறந்திருந்தாலும் நான் மறக்கவில்லை. “அண்ணன் திருத்தினதுக்கு அப்புறம்தாங்க நீங்க என்னப் பத்தி நல்லதா சொல்றீங்கன்னே புரிஞ்சுது” என்றார். அதோடு நான் திருத்திய காகிதத்தைக் கேட்டு வாங்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியும்விட்டார். அன்று சாயங்காலமே நீங்கள் என்னை நீக்கினீர்கள். உங்கள் பாராட்டைக் கரை சேர்த்தவனுக்கு நீங்கள் செய்த மரியாதை அது.

நீக்கியதில்கூட எனக்கு வருத்தம் இல்லை. அதற்குப் பிறகு நடப்பதுதான் தாங்கவில்லை. உங்கள் அக்கா சமையலறையில் போனைப் பார்த்துத் தனியாகச் சிரிக்கிறார். என்ன என்று கேட்டால் முகத்தை மாற்றிக்கொள்கிறார். என் மகள் பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டு தூரத்தில் மாமியார் வீட்டில் இருக்கிறாள் அல்லவா, அவள் குழுவில் பக்கம் பக்கமாக எழுதுகிறாளாம். தன் வயிற்றைப் பற்றி, தன் மாமியாரின் வைத்தியங்களைப் பற்றி, இரண்டையும் சமாளிக்கிற கணவனைப் பற்றி. எனக்கு அவளிடமிருந்து வருவது ஒரே சொல்: “நலம்.” பிழையே இல்லாத சொல், புள்ளியும் உண்டு. நான் அதைப் பெருமையாகக் காட்டப் போக, உங்கள் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“தப்பு வந்துடுமோன்னு பயந்து பயந்து அவ உங்களுக்கு எழுதறதையே விட்டுட்டா. அது தெரியலயா உங்களுக்கு?”

மாப்பிள்ளை, இத்தனை வருஷத்தில் என்னை யாரும் இப்படித் திருத்தியதில்லை.

குழந்தை பிறந்ததும் யாருக்கும் தனித்தனியாகச் சொல்லப் போவதில்லை, எல்லோருக்கும் சேர்த்துக் குழுவில்தான் எழுதுவேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள். செய்தி எப்படியும் என் காதுக்கு வந்துவிடும். எனக்கு அது போதாது. அவள் எழுதியதை என் கண்ணால் படிக்க வேண்டும். ஆகவே என்னை மறுபடியும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையில் வாயைப் பொத்திக்கொண்டு கிடப்பேன். இனி ஒருவருடைய எழுத்திலும் ஒரு புள்ளியைக்கூடத் தொடமாட்டேன். நீங்கள் சேர்ந்தாற்போல் நாற்பது ஆச்சரியக்குறி போட்டாலும் கண்ணை மூடிக்கொள்வேன். இது உங்கள் அக்காவின் தலைமேல் சத்தியம். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தேன்.

உங்கள் கடையில் கூட்டம் குறையாமல், உங்கள் வீட்டில் சிரிப்பு குறையாமல், நீங்கள் இருவரும் நீடூழி வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் அன்புள்ள அத்தான்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் போன் சத்தமிட்டது. குழுவில் இல்லை, என் எண்ணுக்கே வந்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்: “அப்பா பொண்ணு பொறந்துருக்கா காலைல தான் ரெண்டு பேரும் நல்லா இருக்கோம் மூக்கு உங்க மூக்கு மொறைக்கறதும் உங்கள மாதிரியே கண்ணாடி ஒண்ணு தான் கொறை ஒரு கைல இவள வெச்சிகிட்டு ஒரு கைல அடிக்கறேன் எல்லாருக்கும் போடணும் மொதல்ல நீங்க பாத்துட்டு சொல்லுங்கப்பா”

கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். உங்கள் அக்கா பக்கத்தில் வந்து நின்று, எத்தனை தப்பு என்று கேட்டார். எதில் என்று கேட்டேன். பிறகு மகளுக்கு “பார்த்தாச்சு” என்று அடித்து அனுப்பினேன். அதற்கு அப்புறம்தான் உங்கள் எல்லோருக்கும் அது வந்தது. அதில் ஓர் எழுத்தைக் குறை சொல்கிறவர் என்னோடு பேச வேண்டாம்.

ஆகவே மேலே கேட்டதெல்லாம் ரத்து. என்னைக் குழுவில் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் அவள் மறுபடியும் “நலம்” என்று ஆரம்பித்துவிடுவாள். சத்தியமும் அதோடு ரத்து. ஏனென்றால் குழுவில் அவள் செய்திக்குக் கீழே நீங்கள் போட்டிருந்த வாழ்த்தை உங்கள் அக்கா காட்டினார். அதைத் திருத்திய பிரதி இந்தக் காகிதத்தின் பின்பக்கத்தில், சிவப்பு மையில் இருக்கிறது. நன்றாகப் பார்த்துத் திரும்பப் போடுங்கள். நாளைக்கு என் பேத்தி படிப்பாள்.