டிரையர்காரரின் மூக்கு

டிரையர்காரரைப் போலச் சந்தேகப்படுவதற்கு ஊவா மாகாணத்தில் இன்னொருவர் இனிமேல்தான் பிறக்க வேண்டும். பசறை பஸ்ஸில் ஏறினால், பலகையில் 'பசறை' என்று எழுதியிருப்பதை வாசித்துவிட்டு டிரைவரைக் கேட்பார். பிறகு கொண்டக்டரைக் கேட்பார். பிறகு ஜன்னலோரம் தூங்குகிறவரை எழுப்பி, "நீங்க எங்க போறீங்க?" என்பார். மூன்று பதிலும் ஒத்துவந்தால்தான் உட்காருவார்.

அவர் நம்பியது தன் மூக்கை மட்டும். முப்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில், இலையைச் சூட்டுக் காற்றில் காயவைக்கும் டிரையருக்குப் பக்கத்தில் நின்றவர். அதற்கு விறகு போடுவதும் அவர்தான். வெளியே வரும் தூளில் ஒரு கை அள்ளி, தேய்த்து, மோந்து பார்த்து, "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்பார். தோட்டத்துத் துரைகூட மறுபேச்சுப் பேசமாட்டாராம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பால்மாவை மோந்தார். சவர்க்காரத்தை மோந்தார். தேர்தலுக்கு வந்த துண்டுப் பிரசுரத்தை மோந்துவிட்டு, "பழைய சரக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

என் சந்தேகமோ அவருடைய இருமல் மீது.

அவர் குடியிருக்கும் லயத்துக்கு, அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, மேலேதான் எங்கள் வீடு. எங்கள் பக்கத்தில் போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே இடம் அவர் வாசல். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் மகள் கவி, ஒன்லைன் வகுப்புக்கு அங்கேதான் போய் உட்காருவாள். உள்ளே அவர் இருமுவார். சாதாரண இருமல் இல்லை, பழைய லொறி மேட்டில் கியர் மாற்றுவதுபோல ஒரு இருமல். டீபீயாக இருந்தால்? கவியை அங்கே போகக் கூடாது என்று தடுத்தேன். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் தேநீருக்குத் தனி டம்ளர் வைத்தேன்.

இரண்டு நாள் கவனித்தார். மூன்றாம் நாள் தன் டம்ளரைத் தானே கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"என்ன மாமா இது?"

"உங்களுக்குச் சந்தேகம் டீச்சர். தப்பில்ல, நல்ல பழக்கம்தான். ஊத்துங்க."

வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த டம்ளரில்தான் ஊற்றினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: மறு வாரம் அவரைப் பதுளை கிளினிக்குக்குக் கூட்டிப்போனதும் அவர் நன்மைக்காக இல்லை. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அங்கே ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள்.

"முழுசா ஊதுங்க ஐயா, நெஞ்சு காலியாகுற வரைக்கும்" என்றார் நர்ஸ் மிஸி.

"காலியாக்கிட்டு நான் எதை வச்சு வீட்டுக்குப் போறது?"

மூன்றாம் தடவைதான் ஒழுங்காக ஊதினார். டொக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "பீடி குடிப்பீங்களா?" என்றார். டிரையர்காரர் எழுந்து நின்றார். "யார் சொன்னது? டீச்சரா?"

அவர் வாழ்க்கையில் பீடியைத் தொட்டதே இல்லை. டொக்டர் சிரித்துக்கொண்டே விளக்கினார். முப்பது வருடத்து விறகுப் புகையும் தேயிலைத் தூசியும், அது போதாதென்று வீட்டு அடுப்பும் சேர்ந்து நெஞ்சுக்குள் இருக்கும் காற்றுக் குழாய்களைச் சுருக்கிவிட்டன. நுரையீரல் அடைப்பு நோய். சளியில் டீபீ இல்லை. இது யாருக்கும் தொற்றாது. முழுதாகக் குணமாகாது, ஆனால் கட்டுக்குள் வைக்கலாம். சுகமாக இருக்கிற நாளிலும் காலையும் மாலையும் மருந்தை வாயால் இழுக்கிற பம்ப் எடுக்க வேண்டும். அடுப்புப் புகை ஆகவே ஆகாது.

'தொற்றாது' என்ற சொல்லோடு என் காது அடைத்துக்கொண்டது. பம்ப்பை எப்படி எடுப்பது என்று மிஸி காட்டியபோது நான் கவிக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆறு வாரம் கழித்து, மழை பெய்த ஒரு காலையில், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய நான் அவரைப் படிக்கட்டில் பார்த்தேன். ஈர விறகை மூட்டியிருக்கிறார். உள்ளே புகை, வெளியே அவர். இரண்டு கையும் முழங்காலில். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போனது. உதடு நாவல்பழ நிறம். அவர் சட்டைப் பையிலிருந்த பம்ப்பை எடுத்து அமுக்கினேன். ஒன்றும் வரவில்லை.

ஆட்டோவில் அவரை முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொன்னேன். பாதி வழியில் டிரைவரின் முதுகைத் தட்டினார்.

"இந்த... ரோட்டு... எங்க போகுது?"

"பதுளைக்குத்தான் மாமா!"

என்னைப் பார்த்தார். "பதுளைக்குத்தான்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது ஆளைக் கேட்காமலே அவர் கண்ணை மூடியதுதான் என்னைக் கதிகலங்க வைத்தது.

நான்காம் நாள் ஒக்சிஜனைக் கழற்றியபின், வார்டு மிஸி புது பம்ப்பைக் கொடுத்து, "எப்படி எடுப்பீங்கன்னு காட்டுங்க" என்றார். டிரையர்காரர் அதை நன்றாகக் குலுக்கினார். உள்ளங்கையில் மருந்தை அடித்தார். தேய்த்தார். மோந்தார்.

"மணமும் இல்ல, காரமும் இல்ல. வெறுங்காத்து" என்று தீர்ப்புச் சொன்னார்.

"ஐயோ! ஆறு வாரமும் இப்படியா?"

"சரக்கப் பாக்காம வாயில வைக்கச் சொல்றீங்களா? ஒருநாளாவது மணக்கும்னு காலையும் மாலையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

வார்டே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மருந்து முழுவதும் கைக்குப் போயிருக்கிறது. இனியும் அப்படிப் போனால், அடுத்த மழைக்கு நான் எதை அமுக்குவது?

"மாமா, டிரையர் தட்டுல ஓட்டை அடைச்சுக்கிட்டா மோந்து பாத்தாத் தெரியுமா?"

"அது எப்படித் தெரியும்? இலை ஈரமா வெளிய வரும். அப்பத்தான் தெரியும்."

"உங்க நெஞ்சுலயும் அதேதான். காத்துப் போற வழி அடைச்சிருக்கு. மருந்து அங்க போகணும். நல்லதா கெட்டதான்னு மூக்கு சொல்லாது. படி ஏறுறப்ப கால் சொல்லும்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "டீச்சருக்கு டிரையரப் பத்தி யார் சொன்னது?"

"நீங்கதான். நூறு தடவை."

"சரி. ஒரு கிழமைக்கு சாம்பிள் பாப்போம்."

ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏற முன்பு மூன்று இடத்தில் உட்காருவார். சாம்பிள் பார்க்க ஆரம்பித்து ஒரு மாதத்தில் அது ஒரு இடமாகக் குறைந்தது. அதையும், "களைப்புக்கு இல்ல, யார் யார் போறாங்கன்னு பாக்க" என்றார். விறகை விட்டுவிட்டு கேஸ் அடுப்புக்கும் மாறினார். முதல் நாளே, "இது மணக்குது டீச்சர், நம்பலாம்" என்று மகிழ்ச்சியோடு வந்து சொன்னார். நான் ஓடிப்போய்க் கேஸ் குழாயை இறுக்கினேன்.

கவி மறுபடி அவர் வாசலில் உட்கார்ந்து படிக்கிறாள். நானும் பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் தினமும் அங்கே போய் நிற்கிறேன்.

"என்னங்க டீச்சர், என்னைய நம்ப மாட்டீங்களா?"

"மாட்டேன். எடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே பம்ப்பைக் குலுக்கி, வாயில் வைத்து, அமுக்கி இழுப்பார். பிறகு பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

அவர் விடும்வரை நானும் விடுவதில்லை.