கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளை

இந்த வருடம் மாமனார் தோட்டத்துக்குக் காப்பி பறிக்கப் போவதில்லை என்று சிவக்குமார் முடிவெடுத்தது குளியலறையில். வாழ்க்கையின் பெரிய முடிவுகளை எல்லாம் அவன் அங்கேதான் எடுப்பான். அந்த வீட்டில் அவன் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரே இடம் அதுதான்.

ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் அவனுக்கு வரவேற்பில் உட்காரும் வேலை. சாவி கொடுப்பான், சாவி வாங்குவான், வெந்நீர் வரவில்லை என்ற திட்டையும் அவனே வாங்குவான். வருடம் முழுக்க வாங்கினால் டிசம்பரில் நாலு நாள் லீவு. கல்யாணமான நாளிலிருந்து அந்த நாலு நாளும் கொட்டச்சேட்டில், மாமனார் வெள்ளையனின் காப்பிச் செடிகளுக்கு நடுவில், இடுப்பில் கூடையோடு போய்க்கொண்டிருந்தது.

முதுகில் மூட்டையோடு பெங்களூர்ப் பையன்கள் லாட்ஜுக்கு வருவார்கள். "மூணு நாள் மலையிலயே டென்ட் போட்டுத் தங்கினோம் சார்" என்பார்கள். குளித்து ஒரு வாரம் ஆகியிருக்கும். ஆனால் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! சிவக்குமாருக்கு வயிறு எரியும். மலையிலேயே பிறந்தவன் அவன். அந்த மலையில் ஒரு ராத்திரி வெளியே படுத்ததில்லை. யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாத ஓர் இடத்தில், சும்மா, மல்லாக்கப் படுத்து வானத்தைப் பார்க்க வேண்டும். செத்துப்போவதற்குள் ஒரு தடவை. அவன் கேட்டது அவ்வளவுதான்.

குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு வெளியே வந்து மனைவியிடம் அறிவித்தான்.

"கவி, இந்தத் தடவ நான் காப்பி பறிக்க வரல. டென்ட் வாங்கிட்டேன். காட்டுக்குப் போறேன்."

கவிப்பிரியா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"யாரு கூடங்க?"

"தனியாத்தான்."

"எங்க படுப்பீங்க?"

"பாற மேல, டென்ட்டுக்குள்ள."

"நமக்குத்தான் ஊடு இருக்குதுங்களே?"

"அதனாலதான் போறேன்!"

"சோறு?"

"நானே ஆக்கிக்குவேன்."

"ஏனுங்க, நம்மூட்டு அடுப்ப எந்தப் பக்கம் திருப்புனா எரியும்னு தெரியுமுங்களா?"

சிவக்குமார் அடுப்பை எட்டிப் பார்த்தான். தெரியாது.

"சேரி, போயிட்டு வாங்க" என்றாள்.

அவள் கத்தியிருந்தால் அவனும் கத்தியிருப்பான். அழுதிருந்தால் அன்றைக்கே கூடையை எடுத்திருப்பான். சம்மதித்துவிட்டாளே, அதுதான் அவனுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. மறுநாள் காலையில் அவளே பையைக் கட்டி, கம்பளியை மேலே வைத்து, பஸ் ஏறும் வரை கூட வந்து கையாட்டினாள். இப்படி ஒருத்தியைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அவனுக்கே வெட்கமாகிவிட்டது. நிம்மதியாக போனை அணைத்துப் பைக்குள் போட்டான்.

வாழவந்தியில் இறங்கி, கொட்டச்சேட்டுக்கு நேர் எதிர்த் திசையில் நடக்க ஆரம்பித்தான். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. பனி இன்னும் கலையவில்லை. சிவக்குமார் வாய்விட்டுச் சிரித்தான். பாதையில் விறகுக் கட்டோடு எதிரே வந்த பெண் அந்தச் சிரிப்பைக் கேட்டு நின்றாள். யாரென்றே அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கு அவனைத் தெரிந்திருந்தது.

"நீங்க கொட்டச்சேட்டு மாப்பிள்ளதானுங்களே?"

"ஆமா..."

"மனசு உட்டுறாதீங்க சாமி. எல்லா ஊட்லயும் இருக்கறதுதான்."

என்ன இருக்கிறது என்று கேட்பதற்குள் அவள் இறங்கிப் போய்விட்டாள். அடுத்த வளைவில், மிளகுக்கொடி கட்டிக்கொண்டிருந்த ஒருவர் ஏணியிலிருந்து இறங்கி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொம்பளைங்க ஒரு வார்த்த முன்ன பின்ன பேசுறதுதானுங்க. அதுக்காவ மூட்டையத் தூக்கலாமுங்களா?"

"அய்யோ, நான் சண்ட போடலீங்க. சும்மா டென்ட் போட்டுப் படுக்கப் போறேன்."

"எதுக்குங்க?"

"சும்மாதாங்க."

"ஊடு வாசல் இருக்கற மனுசன் சும்மா போயிக் காட்டுல படுப்பானுங்களா?" அவர் கண் கலங்கிவிட்டது. "நொம்பத்தான் நொந்து போயிருக்கீங்க."

சிவக்குமார் அங்கிருந்து கிட்டத்தட்ட ஓடினான்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு பாறை மேடு கிடைத்தது. கண்ணுக்கெட்டிய வரை ஆள் இல்லை. கூடாரத்தைப் பிரித்தான். ஒரு கம்பியை நிமிர்த்தினால் இன்னொரு கம்பி படுத்தது. அதை நிமிர்த்தினால் துணி பறந்தது. மல்லுக்கட்டி ஒருவழியாக நிறுத்தி, உள்ளே தலையை விட்டு, மல்லாக்கப் படுத்து, காலை நீட்டினான். ஒரு மூச்சுத்தான் விட்டிருப்பான். பாதையே இல்லாத அந்தப் பாறைக்குக் கீழே ஜீப் ஹாரன் கேட்டது.

வெள்ளையன் ஏறி வந்தார். பின்னால் அவருடைய தம்பி மாதேஸ்வரன், கையில் டார்ச் லைட்டோடு. வெள்ளையன் கூடாரத்து வாசலில் குந்தி, உள்ளே பார்த்துக் கும்பிட்டார்.

"எம்புள்ள தப்புப் பண்ணியிருந்தா நான் மன்னிப்புக் கேட்டுக்கறனுங்க மாப்ள."

"மாமா, எனக்குக் கோவமே இல்லீங்க!"

"பாத்தியா மாதேசு? கோவத்தோட ஒசரத்தப் பாரு. கோவமே இல்லைங்கறாரு."

கத்திச் சொன்னான். கோபம் ஏறுகிறது என்றார்கள். மெல்லச் சொன்னான். மனது விட்டுப்போயிற்று என்றார்கள். பேசாமல் இருந்தான். மாதேஸ்வரன் கூடாரத்தைச் சுருட்டி ஜீப்பில் வைத்துவிட்டார். ஜீப் கொட்டச்சேட்டுக்குத் திரும்பியபோது சிவக்குமாருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அதைப் பார்த்து மாமனாரும் அழுதார்.

மாமனார் வீட்டு வாசலில் கவிப்பிரியா நின்றிருந்தாள். மாமியார் கண்ணாயி உள்ளே கோழி அடித்துக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து அவன் பல்லைக் கடித்தான்.

"என்னடி சொன்ன இவங்ககிட்ட?"

"நடந்தத அப்படியே சொன்னனுங்க. காப்பி பறிக்க வரமாட்டேன்னுட்டு, பையத் தூக்கிட்டு, போன ஆப் பண்ணிட்டுப் போயிட்டாருன்னேன். அழுதது மட்டும்தான் நானாச் சேத்தது."

"இப்பப் போயி உண்மையச் சொல்லு. நான் கோவிச்சுக்கலன்னு சொல்லு."

"சொல்றனுங்க. அப்ப எதுக்குப் பாற மேல போயிப் படுத்தாருன்னு கேப்பாங்க. வானத்தப் பாக்கன்னு சொல்லட்டுமா? கோவம்னா கோழி அடிப்பாங்க. கிறுக்குன்னா மந்திரிச்சு உடுவாங்க. எது வேணுமுங்க?"

சிவக்குமார் யோசித்துப் பார்த்தான். உள்ளே குழம்பு கொதிக்கும் வாசனை வந்தது.

"கோவமே இருக்கட்டும். ஆனா சீக்கிரம் தீத்து உடு. நான் ஏற்காட்டுக்குப் போயி மிச்ச லீவுல தூங்கறேன்."

"கோவம் தீந்துருச்சுன்னு வாயில சொன்னா நம்பறாங்களா? நீங்க பாறையிலயே பாத்தீங்களே. நாளைக்குக் காலையில பெரியவங்கள எல்லாம் கூப்புடறாங்களாம். அவிங்க முன்னால உங்க கொறையச் சொல்லோணும்." குரலைத் தாழ்த்தினாள். "இல்லீன்னா ஒரே வழிதானுங்க. அவிங்க வர்றதுக்குள்ள நீங்களா சிரிச்ச மொகத்தோட கூடைய எடுத்துட்டுத் தோட்டத்துக்குப் போயிருங்க. மாப்ளைக்கு மனசு ஆறிருச்சுன்னு ஒரே நிமிசத்துல ஊருக்கே தெரிஞ்சிரும்."

விடிந்ததும் சிவக்குமார் கூடையை எடுத்தான். சிரித்துக்கொண்டே எடுத்தான். சிரிக்காவிட்டால் பெரியவர்கள் வருவார்களே.

பகலெல்லாம் பறித்தான். பொழுதோடு வெள்ளையன் வந்து தலையைச் சொறிந்தார். காய்கிற காப்பியைக் களவாண்டுகொண்டு போகிறார்கள், காட்டெருமை வேறு வந்து மிதிக்கிறது, களத்தில் யாராவது படுத்தால் தேவலை என்றார். அதற்குள் மாதேஸ்வரன் களத்தில் காயும் காப்பிப் பழத்துக்கு நடுவில் கூடாரத்தை நிறுத்தியிருந்தார். ஒரு கம்பிகூட அவரிடம் மக்கர் பண்ணவில்லை. சிவக்குமார் உள்ளே போய் மல்லாக்கப் படுத்தான். வானம் நன்றாகத்தான் இருந்தது. கண்ணை மூடும்போதெல்லாம் வீட்டுக்குள்ளிருந்து யாராவது "மாப்ள, முழிச்சிருக்கீங்களா?" என்று அன்பாகக் கேட்டார்கள்.

லீவின் கடைசி நாள் சாயந்திரம். இடுப்பு ஒடிந்து, விரலெல்லாம் பிசுபிசுத்து, கூடாரத்தைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டிருந்தான். லாட்ஜ் மேஜையை நினைத்தால் அவனுக்கு இனித்தது. அங்கே உட்கார நாற்காலி இருக்கிறது. கவிப்பிரியா காப்பித் தம்ளரோடு வந்தாள். பையை வாங்கி, கூடாரத்தை மறுபடி வெளியே எடுத்து வைத்தாள்.

"அவசரப்படாதீங்க. உங்க மேனேஜருக்கு நான் போன் பண்ணி, ஊட்ல கோவிச்சுக்கிட்டுப் போன விசயத்த எல்லாம் சொன்னனுங்க. பாவம், நல்ல மனுசன். மேல் தோட்டத்துக் காப்பி முடியறவரைக்கும் லீவு குடுத்துட்டாரு."