சபியாவின் தலையில் காந்தம்

மரியாதைக்குரிய மச்சான் அல் அமீன் அவர்களுக்கு, உங்கள் தங்கை சபியாவின் கணவன் பக்கீர் முகமது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான், பாத்திரக்கடை, கடைப்பூனை மூவரும் சுகம். உங்கள் ஆரப்பாளையம் டீக்கடையும் அப்படியே இருக்க துஆ செய்கிறேன். போன வாரம் அவள் நோயைப் பற்றி உங்களிடம் போனில் நான் உளறியதற்கே சபியா எட்டிப் பார்த்தாள். அதனால்தான் கடிதம்.

குடலில் பெரும்பகுதியை வெட்டி எடுத்ததிலிருந்து அவளுக்குச் சாப்பாடு நரம்பு வழியாகத்தான் என்பது நீங்கள் அறிந்ததே. பையிலிருந்து சத்துநீர் அதுபாட்டுக்கு இறங்கும், அவள்பாட்டுக்கு என்னை ஏசுவாள். சில வருஷங்கள் நிம்மதியாகத்தான் போயின. திடீரென்று கை நடுங்க ஆரம்பித்தது, நடையிலும் தள்ளாட்டம். மூளையை ஸ்கேன் எடுத்தால் நடுவில் இரண்டு பக்கமும் வெள்ளைத் திட்டு. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாய், அந்தப் பையில துளியூண்டு மாங்கனீசு இருக்கும். சோத்துல வந்தா குடல் வேண்டாததை உள்ள விடாது. இது நேரா ரத்தத்துல போய் மூளையில சேந்திருச்சு" என்றார். மாங்கனீசு உலோகமா என்று கேட்டேன். ஆமாம் என்றார். ஆயுசு முழுக்க எவர்சில்வர் விற்றவன் பெண்டாட்டியின் தலைக்குள்தானா உலோகம் சேர வேண்டும்?

எங்கள் தொழிலில் சரக்கைச் சோதிக்கக் காந்தம்தான். ஒட்டினால் மட்டச் சரக்கு. கடைக் காந்தத்தை எடுத்துவந்து, மதியம் அவள் அசந்து தூங்கும்போது பிஸ்மி சொல்லித் தலையைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. பெருமையோடு போய்ச் சொன்னேன். டாக்டரம்மா என் தலையையும் ஸ்கேன் எடுக்கலாமா என்பதுபோல் பார்த்தார். "காந்தத்துக்கெல்லாம் அது தெரியாது பாய். மாங்கனீசு இல்லாத பையா மாத்திட்டோம். திட்டு மெதுவாக் கொறையும். நடுக்கம் எம்புட்டு கொறையும்னு இப்பச் சொல்ல முடியாது" என்றார்.

இந்த நேரத்தில், பையையே நிறுத்திவிட்டு சமயநல்லூர் வைத்தியரிடம் கூட்டிப்போக வெள்ளிக்கிழமை கார் கொண்டுவருவதாகச் சொல்கிறீர்கள். மச்சான், கையெடுத்துக் கும்பிடுகிறேன், வராதீர்கள். பை நின்றால் அவள் பட்டினி. அதற்குமேல் எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் இல்லாமல் எனக்கு ஒரு டீ கூடப் போடத் தெரியாது. அவளுக்கு எந்த விவரமும் தெரியாது. வெறும் பலவீனம் என்று சொல்லிவைத்திருக்கிறேன், நம்பிவிட்டாள். நீங்கள் வந்து அழுதால் எல்லாம் வெளிச்சமாகிவிடும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் சலாமும் சிறியவர்களுக்கு என் துஆவும். உங்கள் கடையில் பால் பொங்குவதுபோல் பரக்கத்தும் பொங்கட்டும்.

இப்படிக்கு,
பக்கீர் முகமது

பி.கு.: அண்ணே, சபியா எழுதுறேன். கடிதாசியை என் பக்கத்துல வச்சிட்டு உங்க மச்சான் பசை தேடிக்கிட்டிருக்கார். டாக்டரம்மா மொதல்ல எங்கிட்டத்தான் சொன்னாங்க. அவருக்கு பிரஷர் இருக்கு, பக்குவமாச் சொல்லுங்கன்னு அனுப்பி வச்சதே நான்தான். காந்தம் வச்சப்ப முழிச்சுத்தான் இருந்தேன். என் கையை விட அவர் கை ஜாஸ்தியா நடுங்குச்சு. கண்ணைத் தெறந்தா அழுதுருவார்னு மூடிக்கிட்டேன். வெள்ளிக்கிழமை கட்டாயம் வாங்க. கார் வேணாம், வைத்தியரும் வேணாம், பையில யாரும் கை வைக்க விடமாட்டேன். அவருக்கு டீ போட மட்டும் கத்துக்குடுத்துட்டுப் போங்க. எனக்கு இப்ப டம்ளர் கையில நிக்க மாட்டேங்குது.