நிற்கிற எண்ணுக்குப் பயந்த மாஸ்டர்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம்தான். பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்வார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். பிழை மிஞ்சியிருந்தால் வாசிப்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

அட்டனிலிருந்து பொகவந்தலாவை வரை சல்லடை போட்டுத் தேடினாலும் நடுக்க மாஸ்டரைப் போலப் பயந்த மனிதர் ஒருவர் கிடைக்கமாட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் கம்பியூட்டர் பூட்டி ஓடவைக்க வந்தவர். எந்நேரமும் நடுங்குவார், அதனால் எங்களுக்கெல்லாம் நடுக்க மாஸ்டர். குளிரா, பயமா என்று கேட்டால் "ரெண்டும்தான்" என்பார். அட்டைப்பூச்சிக்குப் பயந்து ஆபீசுக்குள்ளேயே இரண்டு சோடி காலுறை போட்டு, அதன்மேல் சவர்க்காரமும் தேய்த்திருப்பார்.

பஸ்ஸில் வந்தால் டிரைவருக்குப் பின்னால் நின்று வளைவுக்கு வளைவு "மெதுவா, மெதுவா" என்பார். ஒருநாள் டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டு, "மாஸ்டர், நீங்களே ஓட்டுங்க" என்று எழுந்துவிட்டார். மாஸ்டர் இறங்கி மிச்ச மூன்று மைலையும் நடந்தே வந்தார். அட்டை கடித்தது.

அவர் பூட்டிய கம்பியூட்டரின் வேலை, தேயிலை காயவைக்கும் ட்ரையரைக் காவல் காப்பது. ட்ரையரில் சூடு ஏறினால் தேயிலை கருகும். இன்னும் ஏறினால் தீப்பிடிக்கும். நான் கம்பியூட்டர் இருந்த அறையைக் கூட்டுகிறவன். "அதுல கைய வச்ச, பேரு வெட்டிருவேன்" என்று டீமேக்கர் ஐயா முதல் நாளே சொல்லிவிட்டார். தொழிற்சாலையே அவர் கையில்தான். பேர் வெட்டினால் வேலையோடு தோட்டம் தந்த லயத்து வீடும் போய்விடும். எனக்கு இரண்டு பிள்ளைகள். மேசைக்கு அடியில் கூட்டும்போதுகூட மூச்சை அடக்கிக்கொள்வேன்.

மாஸ்டர்தான் வலிய வந்து விளக்கினார்.

"அண்ணை, இஞ்சை ரெண்டு புரோகிராம். ஒண்டு சூட்டை வாசிக்கும். மற்றது திரையிலை காட்டும், கூடினால் மணி அடிக்கும். ரெண்டும் நேரை கதைக்காது. நடுவிலை ஒரு வரிசை. முன்னது போடும், பின்னது எடுக்கும்."

"அந்த வரிச எங்கங்க இருக்கு?"

"அதுதான் பயம். டிஸ்க்கிலை இல்லை. கம்பியூட்டருக்குள்ளை கேர்னல் எண்ட பெரிய துரை தன்ரை ஞாபகத்திலை வைச்சிருக்கிறார். நாங்கள் பாக்கிறதுக்காக ஒரு ஃபைல் மாதிரிக் காட்டுறார். கரண்ட் போனால் அதுவும் போச்சு."

"அப்ப இல்லாத ஃபைல நம்பியா இருக்கோம்?"

"ஓம். அதாலைதான் எனக்கு நித்திரை இல்லை."

அந்த ஃபைல் தெரியும் இடத்தைத் தினமும் காலையில் மவுண்ட் செய்ய, அதாவது கண்ணுக்குத் தெரியும்படி திறந்துவைக்க வேண்டுமாம். மாஸ்டர் கை கழுவிவிட்டு வந்துதான் அதைத் தட்டுவார். "தானா நடக்கிற மாதிரி வைக்கலாமே?" என்று ஆபீஸ் கிளாக்கர் கேட்டார்.

"தானா நடந்தால், நடந்ததெண்டு எனக்கு ஆர் சொல்லுறது?" என்றார் மாஸ்டர்.

ஒருமுறை மாஸ்டர் நானுஓயா ஸ்டேஷனுக்குப் பார்சல் எடுக்கப் போகவேண்டி வந்தது. கம்பியூட்டர் படித்த கிளாக்கரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் டீமேக்கர் ஐயா. மாஸ்டர் தலையாட்டி மறுத்து என்னைக் காட்டினார். "அவருக்குப் பயமில்லை. இவருக்கு இருக்கு. இவர் போதும்."

தட்டவேண்டிய வரியைக் காகித அட்டையில் எழுதி மேசையில் ஒட்டினார். தட்டினால் அந்த ஃபைலுக்குள் இருக்கும் எண் தெரியும். பூச்சியம் என்றால் போட்டதெல்லாம் எடுபடுகிறது என்று அர்த்தம்.

"ஓடுற எண்ணுக்குப் பயப்பிடாதேங்கோ அண்ணை, நிக்கிற எண்ணுக்குப் பயப்பிடுங்கோ. வரிசையிலை பத்துச் செய்திதான் கொள்ளும், ஒண்டுக்கு நாலு எண்டு நாற்பதிலை நிரம்பிடும். எடுக்கிறது நிண்டால் போடுறதும் நிண்டிடும். திரை பழைய சூட்டையே காட்டிக்கொண்டிருக்கும்."

அன்று காலை திரையில் சூடு இருநூற்றுப்பத்து. கூட்டிவிட்டு நிமிர்ந்தேன், அதே இருநூற்றுப்பத்து. வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இருநூற்றுப்பத்தேதான். ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, அட்டையில் இருந்ததைத் தட்டினேன். பூச்சியம் வரவில்லை. நாற்பது என்று வந்தது. மறுபடி தட்டினேன். நாற்பதிலேயே நின்றது.

டீமேக்கர் ஐயாவிடம் ஓடினேன்.

"ஐயா, அந்த நம்பரு ஓடாம நிக்கிதுங்க..."

"ஸ்கிரீன்ல எவ்வளவு?"

"இருநூத்திப்பத்துங்க."

"சரியாத்தானே இருக்கு? போயிக் கூட்டுற வேலயப் பாரு."

ட்ரையரில் பழைய வட்ட மீட்டர் ஒன்று உண்டு. கம்பியூட்டர் வந்த பிறகு அதை யாரும் பார்ப்பதில்லை. கண்ணாடி முழுக்கத் தேயிலைத் தூசி. சட்டைக் கையால் துடைத்தேன். முள் சிவப்பைத் தாண்டி, போக இடமில்லாமல் முட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மூன்று பேர் சிரித்துப் பேசியபடி வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

"வெளிய ஓடுங்க! அடுப்பு வெறக இழுங்க!"

என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றுதான் தெரியும். அவர்கள் விலகவும் ட்ரையரின் நடுத்தட்டில் தீ பற்றவும் சரியாக இருந்தது. விறகை வெளியே இழுத்து, ஈரச் சாக்குப் போட்டு அடித்து அணைத்தோம். ஆளுக்குச் சேதமில்லை. அன்றைய தேயிலை கரியாகிவிட்டது.

பின்னேரம் மாஸ்டர் பார்சலோடு வந்து நின்றபோது, டீமேக்கர் ஐயா கருகியதை அள்ளி என் முகத்துக்கு நேரே காட்டிக்கொண்டிருந்தார்.

"அஞ்சாம் வகுப்புக் கையி பட்டா வேற என்ன நடக்கும்? நீ தட்டித்தான் அது நின்னுருக்கு. நாளைக்கு ஓம் பேரு வெட்டு!"

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஒருவேளை நான் தட்டியதால்தானோ?

மாஸ்டர் பார்சலைக் கீழே வைத்தார். "இவர் தட்டினது பாக்கிறதுக்கு. பாத்தால் ஒண்டும் கெடாது. எடுக்கிற புரோகிராம் நிண்டால் மணி அடிக்க நான் வழி வைக்கேல்லை. பிழை என்ரை. வெட்டுறதெண்டால் என்னை வெட்டுங்கோ."

வெட்டினார்கள். அந்த வாரமே அவருக்குப் பதில் கொழும்பிலிருந்து வேறு ஆள் வந்தார். என் பேர் நின்றது. பிள்ளைகள் இருவரும் அதே லயத்திலிருந்துதான் பள்ளிக்கூடம் போய் வளர்ந்தார்கள். மாஸ்டர் ஊருக்குப் போனார். பிறகு அந்தப் பக்கம் சண்டை மூண்டது.

சண்டை முடிந்தபின் மஸ்கெலியாவில் படிப்பித்த யாழ்ப்பாண டீச்சர் ஒருவர் ஊருக்குப் புறப்பட்டார். அவரிடம் மாஸ்டரைப் பற்றிச் சொன்னேன். "பேரைச் சொல்லுங்கோ, விசாரிச்சுப் பாக்கிறன்" என்றார். அத்தனை நாள் பக்கத்தில் இருந்தும் மாஸ்டருடைய சொந்தப் பெயரைக் கேட்கக் கூச்சப்பட்டு, கேட்காமலே விட்டிருந்தேன்.

எழுதி முடித்தது: மாட்டுப் பொங்கலன்று, பின்னேரம்.